வேறு நோய் இல்லை

கணக்கு நேராகிவிட்டது. நேற்று படுக்கையில் இருந்தவர்கள், அதோடு இன்று வந்து சேர்ந்தவர்கள், அதில் வீடு திரும்பியவர்களைக் கழித்து, போய்ச் சேர்ந்தவர்களையும் கழித்தால் என்ன மிஞ்ச வேண்டுமோ, அதுதான் மாவட்டத்தின் எல்லா ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வந்திருந்தது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. குமுதவல்லி நாற்காலியில் சாய்ந்தாள். சாப்பிட்ட தயிர்ச்சாதம் கண்ணைச் சொருகியது, ஏசியைப் போடக் கூடாது என்று உத்தரவு, ஜன்னல் வழியாக வெயில்தான் வந்தது, ஆனாலும் உடம்பில் எங்கோ ஒரு குளிர்ச்சி இறங்கியது. கணக்கு நேராகும்போதெல்லாம் அவளுக்கு இப்படித்தான். திங்கட்கிழமை தோறும் ஜனங்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு வரும் கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கு இது. இப்போது கொரோனா கட்டுப்பாட்டு அறை. வரிசையாகக் கம்ப்யூட்டர், வரிசையாகப் போன், எல்லார் முகத்திலும் பாதி துணி. அந்தத் துணிக்கு மேலே தெரிகிற கண்களை வைத்தே யார் சிரிக்கிறார்கள், யார் முறைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பழகிவிட்டிருந்தது. தன்னைப் பார்க்கிறபோது அந்தக் கண்களில் கொஞ்சம் மரியாதை கூடுகிறது என்று அவள் நினைத்தாள். நினைப்பென்ன, நிஜம்தான். புள்ளியியல் அலுவலர் என்ற பதவியை இதற்கு முன் எவன் மதித்தான்? மழை எத்தனை மில்லிமீட்டர், கோழி எத்தனை, கிணறு எத்தனை என்று எழுதிக்கொண்டிருந்தவளிடம், இப்போது டிவிக்காரன் முதல் எதிர்வீட்டுக்காரி வரை இன்றைக்கு எத்தனை மேடம் என்று கேட்கிறான், கேட்கிறாள். மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் அவள் புருஷன்கூட, இருபது வருஷமாக அவள் ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனுஷன், இப்போது கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது மாதிரி கேட்கிறான். செத்தவர்களை எண்ணுகிற வேலைக்கு இத்தனை தலைக்கனம் ஆகாது என்று தெரியும். தெரிந்தும் வருகிறது, என்ன செய்ய?

இறந்தவர்கள் இன்று ஏழு. ஏழு என்று எழுதி அனுப்பிவிட்டால் ஆயிற்றா, ஆகாது. ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுத வேண்டும். இன்ன வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர், என்றைக்குச் சேர்ந்தார், ஏற்கெனவே என்ன நோய் இருந்தது, எதனால் போனார். பெயர் கிடையாது. பெயர் இல்லாத அந்த வரிதான் மாநிலத்துக்குப் போய், அங்கிருந்து பேப்பருக்குப் போகும். மற்ற மாவட்டங்களில் ஆஸ்பத்திரிக்காரர்கள் அனுப்பியதை அப்படியே ஒட்டி அனுப்புகிறார்கள். குமுதவல்லி அப்படியில்லை. ஒவ்வொரு வரிக்கும் அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. திட்டு வாங்கியிருக்கிறாள், அழுகையைக் கேட்டிருக்கிறாள், ஒன்றுமே பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவரோடு வெகுநேரம் லைனில் இருந்திருக்கிறாள். இந்தப் போன்களால்தான் அந்தக் கட்டம் இன்றுவரை பூஜ்ஜியமாக நிற்கிறது. அந்தக் கட்டம் என்றால், வேறு நோய் இல்லாமல் இறந்தவர்கள் என்ற கட்டம். சுற்றியிருக்கும் மாவட்டங்களிலெல்லாம் அதில் எண் ஏறிக்கொண்டே போகிறது. இங்கே மட்டும் பூஜ்ஜியம். போன வாரக் கூட்டத்தில் ஆட்சியரே அதைச் சுட்டிக்காட்டி, நம் மாவட்டத்தில் நல்ல உடம்போடு இருந்த ஒருவரைக்கூட நாம் விடவில்லை என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். சுகாதாரத் துணை இயக்குநர் இளஞ்சேரன் திரும்பி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னபோது, அவள் உடனே தோழிகளின் குரூப்பில் போட்டுவிட்டாள், எங்கம்மாதான் இந்தக் கணக்கு என்று. குமுதவல்லி சும்மா இருடி என்று அதட்டினாள், பிறகு யார் யார் என்ன பதில் போட்டார்கள் என்று அவளே எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பூஜ்ஜியம் அவளுக்குப் பெருமை மட்டுமில்லை, தைரியமும்கூட. நாற்பத்தோரு வயது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, தைராய்டு இல்லை. இந்த அறையில் நாள் முழுக்க உட்கார்ந்து, லிஃப்டில் பத்துப் பேரோடு இடித்துக்கொண்டு இறங்கி, பஸ்ஸில் போய், தொண்டை லேசாகக் கரகரத்தாலும் அவள் மனசு நேராக அந்தக் கட்டத்துக்குத்தான் ஓடும். பூஜ்ஜியம். உன்னை மாதிரி ஒருத்தி இந்த மாவட்டத்தில் இதுவரை சாகவில்லை, போடி, போய் வேலையைப் பார் என்று அது சொல்லும். தன் கையால் எழுதின கணக்கே தனக்கு ஆறுதல் சொல்வதில் ஏதோ கோணல் இருக்கிறதென்று ஒருமுறை தோன்றியது. அதைத் தோண்டிப் பார்க்க அவளுக்கு நேரமிருக்கவில்லை. ஆறு வீட்டுக்குப் பேசியாகிவிட்டது. ஆறு வரியும் ஆயிற்று. மூன்று பேருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு இதயம், ஒருவருக்குச் சிறுநீரகம், ஒருவருக்கு முதலில் ஒன்றுமில்லை என்றார்கள், துருவிக் கேட்டதும் எப்போதோ பிரஷர் மாத்திரை போட்டதாகச் சொன்னார்கள். ஏழாவது பாவாத்தாள், ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை. ஆஸ்பத்திரிக் குறிப்பில், வீட்டாரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, போன் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று இருந்தது. அனுப்ப இன்னும் நேரமிருந்தது. ஒருமுறை போட்டுப் பார்ப்போம் என்று குறிப்பிலிருந்த அந்த ஒரே எண்ணை அழுத்தினாள். மணி போயிற்று. துக்கச் செய்தி சொல்லும்போது தொண்டையை எப்படி வைத்துக்கொள்வதென்று அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு, அதற்குத் தயாரானாள்.

"ஆருங்க?" என்றது ஒரு பெண் குரல். கொஞ்சம் இளைத்த குரல், ஆனால் தெம்பாகத்தான் இருந்தது.

"கலெக்டர் ஆபீஸ்ல இருந்து பேசறேங்க. பாவாத்தாள்ங்கிறவங்களோட வீடுங்களா?"

"பாவாத்தா நாந்தான் கண்ணு. சொல்லு."

குமுதவல்லியின் கை தானாகக் கணினித் திரையை மறைத்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்த அம்மாவுக்கா தெரியப் போகிறது? திரையில் ஏழாவது வரியில் பாவாத்தாள் மூச்சுத்திணறலால் காலமாகியிருந்தாள். காதில் பாவாத்தாள் இருமிக்கொண்டிருந்தாள். எண் மாறிப் போட்டோமா? இல்லை, பெயரைச் சொன்னாளே. அதே பெயரில் இரண்டு பேரா? இந்தப் பக்கம் ஊருக்கு நாலு பாவாத்தாள் உண்டு. "எந்த ஊருங்க? எந்த வார்டுல இருக்கீங்க?" என்று கேட்டாள். தன் குரலா இது என்றிருந்தது. எல்லாம் பொருந்தியது. ஊர் பொருந்தியது, சேர்ந்த நாள் பொருந்தியது, சர்க்கரைகூடப் பொருந்தியது. உயிர் ஒன்றுதான் பொருந்தவில்லை. பாவாத்தாளுக்கோ பேச ஆள் கிடைத்த சந்தோஷம். "ஆக்சிசன் தொண்ணூத்தி அஞ்சு கண்ணு! இந்த வார்டுலயே எனக்குத்தான் சாஸ்தி. போன்ல சார்ஜே இல்லாம அணஞ்சு கெடந்துச்சு, காத்தாலதான் போட்டேன். எங்கட்டலுக்கிட்ட இருக்கற பிளக்கு வேல செய்யாது. பக்கத்துக் கட்டல்ல ஒரு டீச்சருங்க, தங்கமான புள்ள. நீங்க இங்க வந்து படுங்கக்கா, சார்ஜ் போட்டு உங்க பையங்கிட்டப் பேசுங்கன்னு பொழுதோட அவங்க கட்டல எனக்குக் குடுத்துப்போட்டு, அவங்க எங்கட்டல்ல போய்ப் படுத்துக்கிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். குமுதவல்லிக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி அவளுக்குத் தெரியும். கவச உடைக்குள், வியர்வையில் பனி படிந்த கண்ணாடிக்குள் இருக்கிற நர்ஸுக்கு முகம் தெரியாது. கட்டில் எண் தெரியும். கட்டிலின் கால்மாட்டில் தொங்குகிற கேஸ் ஷீட் தெரியும். ஆட்கள் இரண்டு பேரும் இடம் மாறினார்கள், கால்மாட்டில் தொங்கினது மாறவில்லை. "காத்தாலருந்து என்னையப் பூங்கோதை, பூங்கோதைன்னு கூப்புடறாங்க. அவிய நானில்லீன்னு சொன்னா அந்த மொகமூடிக்குள்ள ஆருக்குக் காது கேக்குது? சக்கரை மாத்திரையுங் குடுக்கல." பிறகு குரலைத் தாழ்த்தி, "ராத்திரி டீச்சருக்கு முடியாமப் போயி வண்டில வெச்சுத் தள்ளிட்டுப் போனாங்க. எப்படி இருக்காங்கன்னு ஆருஞ் சொல்ல மாட்டீங்கறாங்க. நீ கலெக்டரு ஆபீசுன்னயே, கேட்டுச் சொல்லு கண்ணு" என்றாள். கேட்டுச் சொல்லுகிறேன் அம்மா என்றாள் குமுதவல்லி. வேறென்ன சொல்லுவாள்?

அதன் பிறகு அவள் கை பரபரவென்று இயங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போன், வார்டுக்குப் போன், பொறுப்பு டாக்டருக்குப் போன். சவ அறையில் பாவாத்தாள் என்று சீட்டுக் கட்டிய உடலை யாரும் எடுத்துப்போகக் கூடாது, முகத்தைத் திறந்து பாருங்கள், அந்தம்மா உயிரோடு உட்கார்ந்து போன் பேசுகிறார், முதலில் அவருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுங்கள். அந்தப் பக்கம் ஒரு நர்ஸ், அய்யோ மேடம் என்று ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் அழுதாள். தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் அந்த டீச்சர் போய்விட்டாராம், பாவாத்தாளின் ஷீட்டைப் பார்த்து ஒரு மருந்தும் ஏற்றுவதற்குள். சத்தியமாக மேடம், ஆக்சிஜனைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை என்றாள். டாக்டர் திரும்பக் கூப்பிட்டு, ஆமாம், அது பூங்கோதை என்றார். வீட்டுக்குத் தானே பேசிவிட்டதாகவும் சொன்னார். குமுதவல்லி போனை வைத்தாள். உடனே ஒரு பெருமை பொங்கி வந்தது, வெட்கமில்லாமல். நான் போன் போட்டிருக்காவிட்டால்? இன்று சாயங்காலம் ஒரு பையன் தன் அம்மா என்று நினைத்து யாரையோ எரித்துவிட்டு வந்திருப்பான். அம்மா இங்கே பேர் மாறி மாத்திரையில்லாமல் கிடந்திருப்பாள். மாவட்டத்தில் எவன் இப்படிப் போன் போட்டுக் கேட்கிறான்? நான் கேட்கிறேன். அந்த நினைப்பு உச்சிக்கு ஏறும்போதே கண் அந்தக் கூட்டல் கழித்தலில் போய் விழுந்தது. கணக்கு இப்போதும் நேராகத்தான் இருந்தது. நேற்று இருந்தவர்கள், இன்று வந்தவர்கள், போனவர்கள், மிச்சம். பாவாத்தாள் போனாலும் ஏழு, பூங்கோதை போனாலும் ஏழு. அரை மணி முன்னால் இதைப் பார்த்துத்தான் உடம்பு குளிர்ந்தது. உயிரோடிருப்பவளைச் சாகடித்துவிட்டு, செத்தவளைப் படுக்கையில் கிடத்தி வைத்துக்கொண்டு, கணக்கு எப்படி இத்தனை நேராக உட்கார்ந்திருந்தது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"என்ன மேடம், ஆச்சா?" இளஞ்சேரன் வந்து மேசையோரம் நின்றார். நல்ல மனுஷன். வீட்டுக்குப் போய் ஒரு வாரமாகிறது, சட்டைக் காலரைப் பார்த்தாலே தெரியும். விஷயத்தைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரி டீனிடம் பேசுகிறேன், நீங்கள் பெரிய காரியம் பண்ணியிருக்கிறீர்கள் என்றார். அப்புறம் மெதுவாக, "எண்ணிக்கை ஏழுதானே? அது மாறலையே?" என்றார். மாறவில்லை சார் என்றாள். "அப்ப அந்த வரியை மட்டும் மாத்தி அனுப்பிடுங்க. அவங்களுக்கு என்ன நோய் இருந்துச்சுன்னு கேட்டு எழுதிடுங்க. அஞ்சுக்குள்ள போகணும்" என்று நகர்ந்தார். என்ன நோய் இருந்தது. இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. அவளும் இத்தனை நாள் அப்படிக் கேட்டதில்லை. என்ன இருந்துச்சுங்க என்றுதான் ஆரம்பிப்பாள். இல்லை என்றால் சர்க்கரையா, இல்லையென்றால் பிரஷரா, இல்லையென்றால் எப்பவாச்சும் வீசிங்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவாள். அழுது களைத்தவர்கள் எங்கேயாவது ஓரிடத்தில் ஆமாம் என்று விடுவார்கள். அதை அவள் அக்கறை என்றுதான் நினைத்திருந்தாள். பூங்கோதையின் கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள், வந்தது. வயது நாற்பது. பெண். பணி ஆசிரியை. பிற நோய்கள் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. நாற்பது. தன்னைவிட ஒரு வயது சின்னவள். குமுதவல்லிக்குத் தொண்டை கரகரத்தது. நிஜமாகவே கரகரத்ததா, இப்போது தொடங்கியதா, காலையிலிருந்தே இருந்ததா? மனசு வழக்கம்போல் அந்தக் கட்டத்துக்கு ஓடியது. பூஜ்ஜியம் அங்கேயே இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு நாற்பது வயதுக்காரி வந்து நின்றுகொண்டு, என்னை எங்கே வைப்பாய் என்று கேட்பது போலிருந்தது.

போன் போட்டாள். சென்னியப்பன் என்று கணவர் பெயர் இருந்தது. எடுத்தவர் குரல் உடைந்து, பிறகு உடையாமல் நிறுத்திக்கொண்ட குரல். டாக்டர் சொல்லிட்டாருங்க என்றார். குமுதவல்லி தான் யார் என்று சொல்லி, எதற்குக் கூப்பிடுகிறாள் என்பதையும் சொல்லிவிட்டு, "அவங்களுக்கு ஏற்கெனவே என்ன நோய்..." என்றவள், நிறுத்தி, "நோய் ஏதாச்சும் இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"நோயா? ஏனுங்க, அவ பி.டி. டீச்சருங்க. கோ-கோ சொல்லிக் குடுக்கறவ. புள்ளைங்களோட சேந்து அவளும் ஓடுவா, எவளும் அவளத் தொட முடியாது. மூணு வருசம் மாவட்டக் கப்பு அவ பள்ளிக்கூடத்துக்குத்தானுங்க." அந்த நிலையிலும் அந்த மனுஷன் குரலில் ஒரு நிமிர்வு. "இப்பவே பக்கத்து வீட்டுல பேசறாங்க. உள்ளுக்குள்ள என்னமோ சீக்கு இருந்திருக்கும், மறச்சு வெச்சிருப்பாங்க, இல்லாமயா இப்படிப் போவான்னு. எம் புள்ளைங்க காதுல உழுகற மாதிரிப் பேசறாங்க. தலவலி மாத்திரைகூட வேண்டாங்கறவளுங்க அவ."

குமுதவல்லியின் வாய் பழக்கத்தில் அடுத்ததற்குப் போய்விட்டது. அவள் தடுக்குமுன் அது கேட்டும்விட்டது. பிரசவ சமயத்தில் சர்க்கரை ஏதாவது? அவர் கொஞ்சம் யோசித்தார். ஏமாற்றத் தெரியாதவர். "சின்னவன் வயித்துல இருக்கறப்ப சக்கரை இருக்குதுன்னாங்க. பொறந்ததும் போயிருச்சு. ஒம்பது வருசமாச்சுங்க" என்றார்.

கிடைத்துவிட்டது. திரையில் ஏழாவது வரி பாதியில் நின்றது. சர்க்கரை என்று ஒரே ஒரு சொல். பொய்யுமில்லை. எவரும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் கணவரே சொன்னார் என்று காட்டலாம். பூஜ்ஜியம் நிற்கும். கை தட்டல் நிற்கும். மகளின் தோழிகள் போட்ட கைகூப்புகள், பூங்கொத்துகள் எல்லாம் நிற்கும். நாளைக்குத் தொண்டை கரகரத்தால் ஓடிப்போய் ஒதுங்க ஓர் இடமும் நிற்கும். நேற்றுவரை என்றால் இந்நேரம் எழுதியிருப்பாள், எழுதிவிட்டுக் காலரையும் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பாள், பார், நல்லா விசாரித்தேன் என்று. அந்த ஆறாவது வரியில் எப்போதோ போட்ட பிரஷர் மாத்திரை அவளை முறைத்துப் பார்த்தது. அதற்கு முன்னால் எத்தனை? அதை இப்போது நினைக்கக் கூடாது, நினைத்தால் கை ஓடாது, அதைப் பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் வேண்டும். ஒருத்தி மைதானத்தில் ஓடுகிறாள். சுற்றிலும் பிள்ளைகள் கத்துகிறார்கள். எவளாலும் தொட முடியவில்லை. அவளைப் பிடித்து உட்காரவைத்து, நீ சர்க்கரைக்காரி என்று எழுதவா? முன்பின் தெரியாத ஒரு அக்கா மகனோடு பேசட்டும் என்று கட்டிலையே விட்டுக்கொடுத்தவள். அவளைப் பார்த்ததில்லை, குரல்கூடக் கேட்டதில்லை, ஆனாலும் சொந்தத் தங்கையைப் பற்றி ஊர் தப்பாகப் பேசினால் வருமே ஒரு ரோஷம், அது குமுதவல்லிக்கு வந்தது. என் பூஜ்ஜியத்தைக் காப்பாற்ற இவள் உடம்பைக் குறைசொல்ல மாட்டேன் என்று நினைத்தாள். பயமாகத்தான் இருந்தது. இனிமேல் தன் வயதுக்காரி ஒருத்தி அந்தக் கட்டத்தில் இருப்பாள், தினமும் இருப்பாள், அவளைப் பார்த்துக்கொண்டேதான் லிஃப்டில் இறங்க வேண்டும். போனில் அந்த மனுஷன் இன்னும் இருந்தார். "என்னன்னு எழுதறீங்க?" என்று கேட்டார். "வேறு நோய் எதுவும் இல்லைன்னு எழுதறேங்க. அப்படியே பேப்பர்லயும் வரும். பக்கத்து வீட்டுக்குக் காட்டுங்க" என்றாள். அவர் அழ ஆரம்பித்தார். முடியும்வரை அவள் போனை வைக்கவில்லை.

வரியை முடித்தாள். கட்டத்தில் இருந்த பூஜ்ஜியத்தை அழித்துவிட்டு ஒன்று என்று அடித்தாள். இத்தனை நாள் எழுதிய எல்லா எண்ணிலும் இந்த ஒன்றைப் போல ஒரு எண்ணை எழுதினதில்லை என்று பட்டது, அப்படிப் பட்டதில் நெஞ்சு நிமிர்ந்தது, அந்தத் தலைக்கனத்தை இந்தமுறை அவள் அதட்டவில்லை. இளஞ்சேரன் பின்னால் வந்து குனிந்து பார்த்தார். அவர் கண் நேராக அந்தக் கட்டத்தில் போய் நின்றது.

"மேடம், நல்லா விசாரிச்சீங்களா? எதாவது இருந்திருக்கும்."

"நல்லா விசாரிச்சேன் சார்," என்றாள் குமுதவல்லி. "நல்லா இருந்தாங்க."